அண்ணியின் தோள்வலி

கலாநிதி என்கிற ஆய்வுப் பட்டம் வாங்கிக்கொண்டு நான் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டார்கள்: நம் பிள்ளை டொக்டராகி வந்திருக்கிறாள். வந்த மறுநாள் விடிந்தும் விடியாமலும் அண்ணன் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையில் கிளினிக் கொப்பி, இன்னொருவர் கையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. ஒரு பெரியவர் சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டிக்கொண்டே வந்தார்.

“நான் அந்த டொக்டர் இல்லீங்க. சாப்பாட்டப் பத்திப் படிச்சவ. மருந்து எழுதக் கூடாது” என்றேன்.

பெரியவர் சட்டையை இறக்கிவிட்டார். “சாப்பாட்டப் பத்திப் படிக்கவா அத்தன வருசம் வெளிநாட்டுல இருந்தீங்க?” என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். “உள்ள வாங்க மாமா. டொக்டர் இல்லாட்டி என்ன, தேத்தண்ணி இருக்கு” என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் தேத்தண்ணி கிடைத்தது. சீனி அதிகம் போட்ட தேத்தண்ணி. நானும் ஒன்றை வாங்கிக் குடித்தேன்.

அண்ணன் நோட்டன் பிரிட்ஜ் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறவர். அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தார். ஒரே மகள், கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அப்பா அம்மா இருவரும் போய்விட்ட பிறகு எனக்கென்று ஊரில் இருந்தது அந்த வீடுதான். மகளின் கட்டிலில் எனக்குப் படுக்கை போட்டார்கள். சுவரில் அவள் பள்ளிக்கூடக் காலத்தில் ஒட்டிய மாதா படம் அப்படியே இருந்தது.

நான் வந்திருந்தது கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு ஒன்றுக்காக. தோட்டத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்களுடைய இதயமும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டும். கண்டியில் இருந்த என் பேராசிரியர் இதைப் பெரிய சொற்களில் சொல்வார். அண்ணிக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: “மெலிஞ்ச உடம்பு, நாள் முழுக்க மலை ஏறி எறங்குற காலு. நம்ம ஆளுங்களுக்கு நெஞ்சு நல்லாத்தான் இருக்கணும் அண்ணி. ஏன் இல்லன்னு பாக்கணும்.”

“பட்டம் வாங்கினதுக்குப் பொறகும் படிப்பா?”

“இது படிப்பு இல்ல, வேல.”

“பரீட்ச இருக்கா?”

“இல்ல.”

“அப்ப சரி” என்றார் அண்ணி. அவருக்குப் பரீட்சை என்றால் பயம். என் சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் நாள் எனக்குப் பதிலாக அவர்தான் சாப்பிடாமல் இருந்தார். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த நேரம். நாத்தனாருக்காக அவ்வளவு பயப்பட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

எங்கள் அப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனார், பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில். அதனால்தான் இந்தத் துறைக்கு வந்தாயா என்று வெளிநாட்டில் என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. கிடைத்த இடத்தில் படித்தேன், படித்தது பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்கிற இடம் அது. தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, குட்டி நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, நாங்கள் தராசையும் இரத்த அழுத்தக் கருவியையும் வைப்போம். என்னோடு ஒரு தாதியும் இரண்டு ஆய்வு உதவியாளர்களும் வருவார்கள். தாதி இரத்தம் எடுப்பார். இரத்தக் குழாய்கள் ஐஸ் பெட்டியில் கண்டிக்குப் போகும். நான் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். நேற்றுக் காலை முதல் இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, யார் சமைத்தது, தேத்தண்ணியில் சீனியைக் கலந்தீர்களா, உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடித்தீர்களா.

“என்னத்தச் சாப்பிட்டோம், ரொட்டிதான்” என்று எல்லோரும் ஒரே மாதிரி தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். கட்டச் சம்பல், கருவாடு, பிள்ளை மிச்சம் வைத்த பாண், பக்கத்து வீட்டுச் சடங்கில் கொடுத்த பலகாரம். சிலர் பசியோடு படுத்த இரவைச் சொல்ல வெட்கப்பட்டு, சோறு சாப்பிட்டதாகச் சொல்வார்கள். அது முகத்திலேயே தெரியும். என்றாலும் அவர்கள் சொன்னதைத்தான் எழுத வேண்டும்.

முதல் ஞாயிறு, அண்ணி தலை வாரி, பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் முன்னால் வந்து நின்றார். இரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால், தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். நான் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். ஆய்வு செய்கிறவரின் வீட்டு ஆட்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது, அதுதான் விதி.

“ஊர்ல உள்ளவங்க ரத்தமெல்லாம் வேணும். என் ரத்தம் வேணாமா?”

“வேணாம்னு இல்ல அண்ணி. நீங்க என் அண்ணி. நான் ஒங்க கணக்க மாத்தி எழுதிட்டேன்னு யாராவது சொல்லுவாங்க.”

“நீ மாத்தி எழுதுவியா?”

“மாட்டேன்.”

“பின்ன என்ன?” என்றார். கொஞ்ச நேரம் முகம் சுருங்கியிருந்தது. பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு பிள்ளைக்காம்பராவின் அடுப்படிக்குப் போனார். இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுப்பது அன்றிலிருந்து அவர் வேலை. ஊசிக்குப் பயந்த பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “அங்கிட்டு பாக்காத, என்னயப் பாரு” என்பார். எங்கள் தாதி சிங்களப் பெண். அவர் அண்ணியை “அக்கே” என்று கூப்பிட்டு, அடுத்த ஞாயிறும் வரச் சொல்லிவிட்டுப் போவார்.

விதி ஆய்வுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அன்று மாலையே அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து அழுத்தம் பார்த்தேன். கூடுதலாக இருந்தது. ஊசிக்கு நின்றவர்களோடு நாள் முழுக்க நின்றதால் இருக்கலாம் என்று நினைத்து அடுத்தடுத்த மாலைகளிலும் பார்த்தேன். இறங்கவில்லை. ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய் கிளினிக்கில் காட்டினேன். சர்க்கரை இல்லை, அழுத்தம் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். கறியில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

அண்ணன்தான் அதற்கு அதிகம் வருத்தப்பட்டார். “இது என்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடு” என்று தட்டைப் பார்த்துச் சொல்வார்.

“ஒங்க நெஞ்சுக்கும் நல்லதுதான், சாப்பிடுங்க” என்பார் அண்ணி. அண்ணன் எழுந்து போய் உப்புப் போத்தலை எடுத்து வருவார். அடுத்த நாள் உப்புப் போத்தல் அதே இடத்தில் இருக்காது. இந்த விளையாட்டு அந்த வீட்டில் நெடுநாள் நடந்தது. சாப்பிட உட்காரும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் மாத்திரை தொடங்கிப் பல வாரங்கள் ஆகியும் அழுத்தம் சரியாக இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் நன்றாக இருக்கும், வாரத்தின் நடுவில் பார்த்தால் ஏறியிருக்கும். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

“அண்ணி.”

“லீவு நாள்ல போடுறேன்.”

“வேல நாள்ல?”

“அதப் போட்டா சும்மா சும்மா ஒதுங்கணும் புள்ள. மலையில எங்கிட்டு ஒதுங்குறது? அட்டை கடிக்கும். கங்காணி வேற மேல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு.”

அந்த மாத்திரை சிறுநீரைக் கூட்டுகிற வகை என்பது எனக்குத் தெரியும். மலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதும் எனக்குத் தெரியும், நான் அங்கே பிறந்தவள். அடுத்த கிளினிக் நாளில் கூடவே போய் விஷயத்தைச் சொன்னேன். டொக்டர் நல்ல மனிதர். அதைக் கேட்டு நெற்றியைத் தடவிக்கொண்டு வேறு மாத்திரை எழுதினார். பிறகு அண்ணி எல்லா நாளும் மாத்திரை போட்டார். அழுத்தம் இறங்கியது. இறங்கிய அன்று அண்ணன் சந்தியிலிருந்து பெரிய மீன் ஒன்று வாங்கி வந்தார். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். உப்புப் போத்தலை யாரும் தேடவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் தோள்வலி வந்தது.

கொழுந்து எடுக்கிறவர்களில் தோள் வலிக்காதவர் யார்? இப்போது கூடை இல்லை, நைலோன் பைதான். ஆனாலும் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும், பாரம் முதுகில்தான் தொங்கும். ஈரக் கொழுந்தென்றால் இன்னும் கனக்கும். மாலையில் ஒரு லயத்தைச் சுற்றி நடந்தால் எல்லாக் காம்பராவிலிருந்தும் தைல வாசனை வரும். அண்ணியும் இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்காருவார்.

“நெஞ்சு வலிக்குதா அண்ணி?”

“நெஞ்செல்லாம் ஒண்ணுமில்ல. தோளுதான். கடுக்குது.”

“எப்ப கடுக்குது?”

“ஏறும்போது. பையோட ஏறுனா கடுக்காதா?”

அடுத்த கிளினிக் நாளில் இதையும் டொக்டரிடம் சொல்வோம் என்று பேசிக்கொண்டோம். அண்ணி சரி என்றார். அந்த நாள் வெகு தூரத்தில் இல்லை.

எங்களுக்கு ஆய்வு வேலை இல்லாத ஒரு ஞாயிறு மாதா கோயிலுக்கு ஏறிப் போகும்போது அண்ணி வளைவில் நின்றுவிட்டார். “டேம்ல தண்ணி கூடியிருக்கு பாரு” என்றார். நானும் நின்று பார்த்தேன். கீழே நீர்த்தேக்கம் மழையில் கலங்கி நிறைந்திருந்தது. பிறகு நடந்தோம். பாட்டு தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். பூசை முடியும்வரை அவர் உட்கார்ந்தே இருந்தார்.

அது நடந்த அன்று நான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தேன். அந்தத் தோட்டத்தில் வேலை இல்லாத நாள், அதனால் வார நாளிலேயே ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண்ணிடம் பருப்புக் கறியில் தேங்காய்ப் பால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அண்ணியோடு வேலை செய்கிறவர்.

“மிஸ், ஒங்க அண்ணிக்கு மயக்கம் மாதிரி. கொழுந்து நிறுக்க வந்த எடத்துல உக்காந்துட்டாங்க. ஒரேயடியா வேர்க்குது.”

நான் போவதற்குள் அண்ணன் ஆட்டோவோடு வந்து சேர்ந்திருந்தார். சாலையோரத்தில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், அண்ணி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்த குளிர் நேரம். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். அண்ணியின் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற பெண்களில் ஒருவர் இஞ்சித் தண்ணீர் வைத்திருந்தார்.

“வாய்வுதான் புள்ள” என்றார் அண்ணி என்னைப் பார்த்ததும். “இவங்க எல்லாம் பெருசா பண்றாங்க.”

பார்த்த உடனேயே இது மாரடைப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தில் இருந்த ஒவ்வொன்றும் அந்த முகத்தில் இருந்தது. தோட்டத்து மருந்தகத்திலிருந்து ஓடிவந்தவரிடம் அஸ்பிரின் வாங்கி அண்ணிக்குக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னேன். அம்புலன்ஸ் கேட்டோம், அது வேறெங்கோ போயிருந்தது. காத்திருக்க முடியாது என்று அண்ணன் ஆட்டோவைத் திருப்பினார்.

பின் ஆசனத்தில் அவரை என் மேல் சாய்த்துக்கொண்டேன். மழைக்கு வழியில் மண் சரிந்து பாதை பாதியாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் அண்ணன் வேகத்தைக் குறைப்பதா கூட்டுவதா என்று தெரியாமல் தடுமாறினார்.

“பல்லு கடுக்குது” என்றார் அண்ணி. தாடையைத் தொட்டுக் காட்டினார்.

“பேசாதீங்க அண்ணி. மெதுவா மூச்சு எடுங்க. வந்துட்டோம்.”

வந்துவிடவில்லை. அண்ணன் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தார். எதிரில் பஸ் ஒன்று வந்தது.

“ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லு” என்றார் அண்ணி. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. என் விரலைப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் உடனே ஓடிவந்தார்கள். தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணன் கதவருகே நின்றுகொண்டு என்னை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார்.

“நீ போ. நீ டொக்டர்தானே, நீ உள்ள போ.”

அவருக்குத் தெரியும் நான் அந்த டொக்டர் இல்லை என்று. எத்தனையோ பேரிடம் அவரே விளக்கிச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நான் உள்ளே போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். ஏன் செய்கிறார்கள் என்றும் தெரியும். என் கைகள் இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணியின் ஒரு செருப்பு தரையில் கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

வெகு நேரம் முயன்றார்கள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு ஓர் இளம் டொக்டர் வந்தார், சிங்களப் பெண். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று சிங்களத்தில் கேட்டார். சிறு வயதிலிருந்து பேசுகிற மொழி. அண்ணன் மனைவிக்கு அதில் என்ன சொல் என்று அந்த நேரத்தில் எனக்கு வரவேயில்லை.

“அக்கா” என்றேன். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான்.

அவர் என் தோளைத் தொட்டார். வெளியே போய் அண்ணனிடம் நான்தான் சொன்னேன்.

மகள் கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை அண்ணியை வீட்டில் வைத்திருந்தோம். மலைக்குப் போன பெண்கள் எல்லோரும் வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். “நல்லாத்தானே இருந்தா” என்று ஒருவர் சொல்வார். “தோளுதானே வலிக்குதுன்னு சொன்னா” என்று இன்னொருவர் சொல்வார். சொல்லும்போது அவர் கை தன் தோளுக்குப் போகும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லோருடைய கையும் தோளுக்குப் போனது.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில், ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நடந்தார். அண்ணியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்.

“மிஸ், எனக்கும் இந்தப் பக்கம் வலிக்குது. அதுதானா இது?”

“தெரியலீங்க. காட்டிப் பாக்கணும்” என்றேன்.

“தெரியாதா?” என்றார் அவர். பிறகு லயம் வரை கூடவே வந்தார்.

பேராசிரியர் என்னை ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொன்னார். வீட்டில் இருந்து என்ன செய்வது? அண்ணன் ஆட்டோவைத் துணியால் மூடிப்போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பின் ஆசனத்தில் ஆட்களை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. யாராவது அவசரம் என்று வந்தால் சாவியை எடுத்துப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுப்பார். நான் சமைப்பேன். இருவரும் சாப்பிடுவோம். கறியில் உப்பிருக்கிறதா இல்லையா என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு மகள் வந்து, அப்பாவோடு பேசி, அதன் பிறகுதான் அவர் மீண்டும் சந்திக்குப் போனார்.

நான் அதற்கு முன்பே வேலைக்குத் திரும்பியிருந்தேன். தோள்வலி, முதுகுவலி, தாடைவலி பற்றிச் சில கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். ஏறும்போது வருகிறதா, நின்றால் விடுகிறதா, பை இல்லாமல் ஏறினாலும் வருகிறதா. பேராசிரியர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அனுமதி வாங்குவதற்கு வேண்டியதையெல்லாம் அவரே செய்தார்.

புதிய கேள்விகளோடு முதலில் போனது உடப்புசல்லாவ ஊர்ப் பக்கம் உள்ள தோட்டங்களுக்கு. அங்கே ஒருவர், என் அண்ணியைவிட மூத்தவர், கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், “ஆமாங்க, நின்னா விட்டுருது. திரும்ப ஏறுனா வந்துருது. வெறுங்கையோட ஏறுனாலும் வருது” என்றார். அன்றே அவரை நுவரெலியாவுக்கு அனுப்பி வைத்தோம். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பி, இரத்தக் குழாய் அடைப்பைச் சரி செய்தார்கள். சில வாரங்கள் கழித்து நான் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். எனக்காகக் கோழி அடித்துச் சமைத்திருந்தார்கள்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ந்தேன்தான். ஆனால் அவர் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தபோது ஒரு கணம் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நடமாடுகிற அந்த உடம்பின் மேல் கோபம். முகம் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

ஆய்வு முடிந்தது. முடிவுகளைக் கொழும்பில் ஒரு மண்டபத்தில் வாசித்தேன். திரையில் ஒரு படம், அதில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். புள்ளியைப் பார்த்தே சிலரை எனக்குச் சொல்ல முடியும்: இவர் ரொட்டியை மட்டும் சாப்பிடுகிறவர், இவர் ஊசிக்கு அழுதவர், இவர் பசியை மறைத்தவர். முன்வரிசையில் இருந்த ஒருவர் ஆய்வில் யார் யார் சேர்க்கப்படவில்லை என்று கேட்டார். கர்ப்பிணிகள், ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்கள், ஆய்வாளரின் உறவினர்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி உப்பைப் பற்றி வந்தது. அதற்கும் பதில் சொன்னேன். கை தட்டினார்கள். வந்து இடத்தில் உட்கார்ந்தேன்.

மாலையில் அண்ணன் மகள் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். புறக்கோட்டையில் ஒரு கடையில் அவள் விருப்பத்துக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கடையில் வருகிறவர்களைப் பற்றி, தங்குகிற அறையைப் பற்றிப் பேசினாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அத்த, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?”

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் நான் அத்தனை வருடம் படித்தேன். வேறு யார் கேட்டிருந்தாலும் தெளிவாகச் சொல்லியிருப்பேன்.

“வரலாம்” என்றேன். “வராமலும் இருக்கலாம். அம்மாவுக்கு இருந்ததால நீ கவனமா இருக்கணும். பிரஷரும் கொழுப்பும் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“அம்மாவும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க?”

“ஆமா.”

“மாத்திரையும் போட்டாங்க.”

“ஆமாம்மா, போட்டாங்க.”

அவள் அழவில்லை. கொத்தை இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள். “இதுல உப்பு கூடிப்போச்சு அத்த” என்றாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் அழுகை வந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெயிட்டர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த வாரம் அவள் கொழும்பில் பரிசோதனை செய்துகொண்டு, முடிவைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். ஒவ்வொரு வரியையும் பார்த்தேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. அப்போது எனக்கு நுவரெலியாவில் வேலை கிடைத்திருந்தது, அண்ணன் வீட்டிலிருந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். போய் அவரிடம் சொன்னேன்.

“புள்ளைக்கு ஒண்ணுமில்லண்ணே. எல்லாம் நல்லா இருக்கு.”

“நல்லது” என்றார். துணியைப் பிழிந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“நம்ம லயத்துல எல்லாருந்தான் அதே ரொட்டி சாப்பிடுறாங்க. எல்லாருந்தான் அதே மலையில ஏறுறாங்க. அப்ப அவளுக்கு மட்டும் ஏன்?”

சொல்ல என்னிடம் பல விஷயங்கள் இருந்தன. வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட அழுத்தம், விறகுப் புகை, தாயின் வயிற்றிலேயே கிடைக்காமல் போன ஊட்டம், இரத்தத்தோடு வருகிறவை. ஒவ்வொன்றையும் பற்றி எழுதியிருக்கிறேன், வாசித்திருக்கிறேன். அண்ணன் கேட்டது அவற்றில் ஒன்றையும் இல்லை.

“தெரியலண்ணே” என்றேன்.

அவர் தலையாட்டினார். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, “சோறு ஆறிப்போகுது, வா” என்று உள்ளே போனார்.